மரைன்களுக்கு நடுவே ஒரு கடற்படைக்காரன்: கார்ப்ஸ்மேன் பணியில் கற்றவை

அமெரிக்க மரைன் படைக்குச் சொந்தமாக மருத்துவர் கிடையாது, செவிலியர் கிடையாது, காயத்துக்குக் கட்டுப் போடும் உதவியாளர்கூடக் கிடையாது. பீரங்கியும் போர் விமானமும் வைத்திருக்கும் அந்தப் படை, தன் வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முழுவதுமாகக் கடற்படையிடம் விட்டிருக்கிறது. அப்படி மரைன்களோடு அனுப்பப்படும் கடற்படை மருத்துவ உதவியாளர்தான் ஹாஸ்பிட்டல் கார்ப்ஸ்மேன். ஸ்பெயினுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1898 ஜூன் 17 அன்று, அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் இந்தப் பிரிவு தொடங்கப்பட்டது. பதவியின் பெயரிலேயே ஆஸ்பத்திரி இருப்பதால், பிள்ளை குளிரூட்டிய வார்டில் வேலை பார்க்கப் போகிறான் என்று நிம்மதியடையும் தமிழ்ப் பெற்றோர் சிலரை நான் அமெரிக்காவில் சந்தித்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் என் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்கள். கடற்படை எங்கே ஆள் வேண்டுமென்று நினைக்கிறதோ அங்கேதான் கார்ப்ஸ்மேன் போகிறான் என்பதையும், அந்த இடம் பெரும்பாலும் மரைன் காலாட்படையின் ஒரு பிளட்டூனாக, அதாவது சுமார் நாற்பது பேர் கொண்ட படைக்குழுவாக, இருக்கக்கூடும் என்பதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் சேர்ந்த காலத்தில் இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் தளத்திலேயே அடிப்படைப் பயிற்சியும் கார்ப்ஸ்மேன் பள்ளியும் நடந்தன. பிற்பாடு அந்தப் பள்ளி டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு மாற்றப்பட்டது. கிரேட் லேக்ஸில் ரத்தம் எடுப்பது, தடுப்பூசி போடுவது, வார்டு வேலை எல்லாம் கற்றேன். சில காலம் ஒரு கடற்படை மருத்துவமனையில் வேலை பார்த்த பிறகு கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே சுமார் எட்டு வாரம் களமருத்துவப் பயிற்சி. கப்பலிலும் மருத்துவமனையிலும் வேலை பார்ப்பதை நாங்கள் நீலப் பக்கம் என்போம். மரைன்களோடு போவது பச்சைப் பக்கம். பச்சைப் பக்கம் வந்தவன் மரைன்களின் புள்ளிச் சீருடையைத்தான் அணிகிறான். ஆனால் மார்பில் தைத்திருக்கும் பட்டையில் அமெரிக்கக் கடற்படை என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டையைப் பார்த்தவுடனேயே நீ வெளியாள் என்று நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

இந்த நாற்பது பேரின் ஏற்பைப் பெறுவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பதக்கம் வாங்கிய கார்ப்ஸ்மேன்களின் கதைகளைப் படித்துவிட்டு வரும் இளைஞர்கள், ஒரே ஒரு வீரச்செயலால் அந்த ஏற்பு கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். மரைன்கள் ஒருவனை டாக், அதாவது டாக்டர் என்பதைச் சுருக்கி, கூப்பிடத் தொடங்குவதும், அந்தக் கூப்பிடுதலில் கேலி நீங்கி நம்பிக்கை வருவதும் பெரும்பாலும் போருக்கு வெகு முன்பே, பயிற்சித் தளத்தின் புழுதியில் நடந்துவிடுகிறது. குண்டு விழும் இடத்தில் நீ என்ன செய்வாய் என்பதை, அவர்களின் கால் கொப்புளத்தை நீ எப்படிப் பார்க்கிறாய் என்பதிலிருந்தே அவர்கள் கணித்துவிடுகிறார்கள். இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே காலிலிருந்தே தொடங்குகிறேன். காலாட்படையினர் முழுச் சுமையோடு மலையேறி இறங்கும் நெடுநடைப் பயிற்சியில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு கிடைக்கும். எல்லோரும் பையை இறக்கி, அதன்மேலேயே சாய்ந்து, தண்ணீர் குடித்துக் கண்ணை மூடுவார்கள். கார்ப்ஸ்மேனுக்கு அந்த ஓய்வு இல்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், பூட்ஸைக் கழற்றச் சொல்லி, நெற்றி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு காலாகப் பார்க்க வேண்டும். தோல் சிவந்து எரிச்சல் மட்டும் இருக்கும் கட்டத்திலேயே மோல்ஸ்கின் என்ற மெத்தென்ற ஒட்டுத்துணியை ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. வந்துவிட்டால், சுத்தம் செய்து, நடுவில் குத்தாமல் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு நீரை மட்டும் வடித்து, மேல்தோலை உரிக்காமல் விட்டு, சுற்றிலும் ஒட்டுக்குப் பிடிப்புத் தரும் பென்சாயின் டிங்க்சர் தடவி, கொப்புளத்தின் அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய மோல்ஸ்கினை ஒட்ட வேண்டும். பென்சாயின் புண்ணில் பட்டால் உயிர் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தடவுகிறவனை மரைன்கள் மன்னிப்பார்கள், சொல்லாமல் தடவுகிறவனை மறக்கவே மாட்டார்கள். ஈரமான காலுறையை மாற்ற வைப்பது, உலர்ந்த ஜோடி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருக்கிறார்களா என்று கிளம்பும் முன் பார்ப்பது, இவையெல்லாம் மருத்துவம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்ன வேலைகள். எந்த வலிக்கும் ஐபுப்ரோஃபென் 800 மில்லிகிராம், கூடவே தண்ணீர், புதுக் காலுறை என்று மரைன்கள் எங்களைக் கிண்டல் செய்வதும் இதனால்தான். ஆனாலும், தங்களைப் போலவே சுமை தூக்கி நடந்தவன் தங்களுக்குக் கிடைத்த ஓய்வு தனக்கு இல்லாமல் வரிசை முழுவதும் குனிந்து போகிறான் என்பதை அவர்கள் இருட்டிலும் கவனிக்கிறார்கள். இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: நடையில் பின்தங்கும் கார்ப்ஸ்மேன் யார் காலையும் பார்க்க முடியாது. உடல் தகுதியில் பிளட்டூனின் சராசரிக்கு மேலே இருப்பதை விருப்பத் தேர்வாக நினைக்க வேண்டாம் என்று புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது அதனால்தான்.

அடுத்தது வெயில். மொஹாவி பாலைவனத்தில் உள்ள ட்வென்டிநைன் பாம்ஸ் தளத்தில் கோடைப் பயிற்சி என்றால், எதிரியின் தோட்டாவை விட வெப்பம்தான் கார்ப்ஸ்மேனுக்குப் பெரிய கவலை. வெறும் வெப்பநிலையை அல்லாமல், ஈரப்பதம், நேரடி வெயில் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கருவியைக் கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி ஏற்றுவார்கள். அந்தக் குறியீடு 90 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்புக் கொடி. கொடியைப் பார்ப்பது எல்லோராலும் ஆகும். கார்ப்ஸ்மேன் பார்க்க வேண்டியது ஆளை. நேற்றிரவு தூங்காதவன், சளிக்கு மாத்திரை போட்டவன், காலை உணவைத் தொடாதவன், வேறு தளத்திலிருந்து போன வாரம்தான் வந்தவன், இவர்கள் யார் யார் என்று நடை தொடங்கும் முன் மனதில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக வாயாடுகிறவன் பேச்சை நிறுத்திவிட்டாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னாலோ, உடனே உட்கார வைத்துவிட வேண்டும். வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்து ஆறுதல் அடையக் கூடாது, ஏனென்றால் கடும் உழைப்பில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். உடலின் உள்வெப்பத்தை ஆசனவாய் வழியாக அளந்தால்தான் நம்பலாம். அந்த வெப்பமானிக்கு மரைன்கள் வைத்திருக்கும் பெயர் வெள்ளித் தோட்டா. அதன் பயத்தாலேயே ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறவர்கள் உண்டு. 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால், முதலில் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். பனிக்கட்டித் தண்ணீர் நிரம்பிய தொட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் ஊறவைத்த படுக்கை விரிப்புகளை உடம்பு முழுவதும் சுற்றி, சூடேறச் சூடேற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: தண்ணீர் குடி, குடி என்று விரட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. மணிக்கு ஒன்றரை குவார்ட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் குடிக்க வைத்தால், ரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவும் குழப்பத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். சாப்பாட்டைத் தவிர்க்காமல் பார்த்துக்கொள்வது இதற்குப் பாதி மருந்து.

இந்த இடத்தில்தான் அதிகாரம் என்ற சிக்கல் வருகிறது. கடற்படையில் மிக இளநிலையில் இருக்கும் ஒரு கார்ப்ஸ்மேன், பத்து ஆண்டு அனுபவமுள்ள மரைன் சார்ஜண்டிடம் போய், உங்கள் ஆள் இதற்கு மேல் நடக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கும். நான் பார்த்தவரை, இதை மற்றவர்கள் முன்னால் சொன்ன கார்ப்ஸ்மேன்கள் யாரும் ஜெயித்ததில்லை. சார்ஜண்டைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், தாழ்ந்த குரலில், நோயின் பெயரைச் சொல்லாமல் விளைவைச் சொல்ல வேண்டும். "சார்ஜண்ட், இவனை இப்போது வண்டியில் ஏற்றினால் நாளை மறுநாள் உங்களிடம் திரும்பி வருவான். இன்னும் இரண்டு மைல் நடந்தால், வருவானா என்று எனக்குத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நீ சொன்னால் சரி, டாக். ஏற்று" என்றார். அவர் என்னை டாக் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை என் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்புவார். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், வேலைக்குப் பயந்து வயிற்றுவலி என்று வந்தவர்களை அதற்கு முன்பு நான் திருப்பி அனுப்பியிருந்ததுதான். எல்லோருக்கும் ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவனின் சீட்டை யாரும் மதிப்பதில்லை. யாருக்குமே கொடுக்காதவனிடம் உண்மையான நோயாளி வரமாட்டான். மருத்துவ விஷயமாகத் தனியாக வந்து சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பதும் இதே கணக்கில் சேரும். முகாமில் நாற்பது பேருக்கு நடுவே ஒரு ரகசியம் வெளியேறினால், அடுத்த நாளிலிருந்து யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

கார்ப்ஸ்மேனின் வேலையில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்றுதான் சொல்வேன். 2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நிகழ்ந்த அமெரிக்கப் படையினரின் போர்க்கள மரணங்களை ஆராய்ந்த ராணுவ மருத்துவர்கள், இறந்தவர்களில் 87 சதவீதத்தினர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்ததையும், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்ததையும், அப்படிப்பட்ட மரணங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் ரத்தப்போக்கு என்பதையும் கண்டார்கள். தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவான். அந்தச் சில நிமிடங்களில் அவன் அருகில் இருக்கப்போவது நாற்பது பேருக்குப் பொதுவான கார்ப்ஸ்மேன் அல்ல, கூட நடந்துகொண்டிருந்த இன்னொரு மரைன். ஆகவே டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்தக் கையையோ காலையோ இறுக்கும் பட்டை, போடத் தெரிய வேண்டியது முதலில் அந்த மரைனுக்கு.

வகுப்பில் படம் காட்டி இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நாங்கள் ஓடவிட்டு மூச்சு வாங்க வைத்து, கண்ணைக் கட்டி, கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு கையால் தன் மற்றொரு கைக்கே டூர்னிக்கெட் போட வைத்தோம். ரத்தம் நின்று, காயத்துக்குக் கீழே நாடித்துடிப்பு மறையும் வரை கம்பியை முறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால், ரத்தம் உள்ளே போய்க்கொண்டும் திரும்பி வர முடியாமலும் நிலைமை மோசமாகும். சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் காயம் எங்கே என்று தேடாமல், சீருடைக்கு மேலேயே, கையின் அல்லது காலின் மிக மேற்பகுதியில் போட்டுவிட வேண்டும். ஒன்று போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்று. டூர்னிக்கெட் தாங்க முடியாமல் வலிக்கும், அடிபட்டவன் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவான், தளர்த்தக் கூடாது என்பதை வகுப்பிலேயே ஒவ்வொருவரையும் வலிக்க வலிக்க முறுக்கிக் காட்டித்தான் புரியவைத்தோம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பட்டையைச் சரியாக மடித்து, எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அடிபட்டவனுக்கு அவனுடைய பையிலுள்ள பொருட்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கார்ப்ஸ்மேனின் பையை முதல் ஆளுக்கே காலி செய்துவிட்டால் மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் இருக்காது.

2010ஆம் ஆண்டு எங்கள் பட்டாலியன் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்குப் போனபோது இந்தப் பயிற்சியின் பொருள் முழுமையாகப் புரிந்தது. அங்கே எதிரி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வாய்க்கால் கரையிலும் மண்சுவரின் இடைவெளியிலும் புதைத்து வைக்கப்பட்ட வெடிகள்தான் எதிரி. ஒரு காலை ரோந்தில் எனக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் ஒன்று வெடித்தது. புழுதி அடங்கும் முன்பே கார்ப்ஸ்மேனைக் கூப்பிடும் குரல் கேட்டது. அந்தக் குரல் கேட்டால் ஓட வேண்டும் என்றுதான் பல தலைமுறைகளாக எங்களுக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஹெல்மண்டில் ஓடக் கூடாது. முதல் வெடிக்கு ஓடி வருகிறவனுக்காகவே இரண்டாவது வெடி பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கும். உலோகம் கண்டறியும் கருவியோடு ஒரு மரைன் அங்குலம் அங்குலமாகத் தரையைத் துழாவிப் போக, துழாவிய பாதையைக் காட்ட அவன் தூவிய பேபி பவுடரின் வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் கால் வைத்து நான் பின்னால் போனேன். முப்பது அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது, அடிபட்டவனின் இரண்டு தொடைகளிலும் டூர்னிக்கெட்டுகள் ஏறியிருந்தன. அவனுக்குப் பக்கத்தில் இருந்த பத்தொன்பது வயது லான்ஸ் கார்ப்பரல், இளநிலை மரைன் ஒருவன், இருந்த இடத்தை விட்டு நகராமல் எட்டி, நாங்கள் கண்ணைக் கட்டிச் சொல்லிக்கொடுத்தபடியே போட்டு முடித்திருந்தான்.

எனக்கு மீதி இருந்தது ஒழுங்குமுறையான வேலை. பெரும் ரத்தப்போக்கு, மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம், உடற்சூடு என்ற அந்த வரிசையை மனம் தானாகவே பின்பற்றும் அளவுக்குப் பழக்கியிருந்தார்கள். இடது காலில் இன்னும் கசிந்ததால் இரண்டாவது டூர்னிக்கெட். இடுப்பு மடிப்பில் டூர்னிக்கெட் எட்டாத காயத்துக்குள் ரத்தம் உறையவைக்கும் மருந்திட்ட காஸ் துணியைத் திணித்து மூன்று நிமிடம் முழு எடையோடு அழுத்தம். மார்பிலும் முதுகிலும் ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தல். ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருந்ததால், வலிக்கான மார்ஃபின் கொடுக்கவில்லை. மார்ஃபின் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் இன்னும் இறக்கிவிடும். வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தும் அவனைப் போர்வையால் சுற்றினோம், ஏனென்றால் ரத்தம் இழந்த உடம்பு பாலைவனத்திலும் குளிர்ந்துபோகும், குளிர்ந்த ரத்தம் உறையாது. டூர்னிக்கெட் போட்ட நேரத்தை மார்க்கரால் அவன் நெற்றியில் எழுதினேன். காயம்பட்டவர்களை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உத்தரவிட்டிருந்தார்; ஹெலிகாப்டர் வந்து, அவனை கேம்ப் பாஸ்டியனில் பிரிட்டிஷார் நடத்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அவன் பிழைத்தான். பிற்பாடு பிளட்டூனில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கார்ப்ஸ்மேன் வேலையில் எனக்கு மிகப் பெருமையான தருணம் அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில், அந்த லான்ஸ் கார்ப்பரலுக்குப் பதக்கம் கோரும் பரிந்துரைக்காக நேரில் கண்ட சாட்சியாக நான் எழுதிய ஒன்றரைப் பக்கம்தான்.

பரிந்துரை என்றதும் முறைப்படியான அங்கீகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரைன்களோடு பணிபுரியும் கடற்படையினருக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து தனிச் சின்னம் ஒன்று இருக்கிறது. கழுகு, பூகோளம், நங்கூரம் என்ற மரைன் சின்னமும், குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகளும், பின்னால் கரையில் மோதும் அலையும் அதில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் மரைன்களோடு கரையேறிய கடற்படையினரின் நினைவு அந்த அலை. இதைப் பெற மருத்துவம் தெரிந்தால் போதாது. மரைன் படையின் வரலாறு, அமைப்பு, ஆயுதங்கள், வரைபடம் பார்த்தல், வானொலித் தொடர்பு ஆகிய ஒவ்வொன்றிலும் தெரிந்தவரிடம் போய்க் கற்று, செய்துகாட்டி, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு. கடைசியில், ஏற்கெனவே சின்னம் பெற்றவர்கள் அமர்ந்த குழுவின் முன் வாய்மொழித் தேர்வு: எம்-16 துப்பாக்கி ஓர் ஆளை எத்தனை மீட்டர் வரை குறி தவறாமல் தாக்கும் என்பார்கள், 550 என்று யோசிக்காமல் வர வேண்டும், மரைன் படை 1775 நவம்பர் 10 அன்று எங்கே பிறந்தது என்பார்கள்.

இதைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். மெஷின் கன் பகுதியை மெஷின் கன் குழுவிடமே போய்க் கேளுங்கள். அவர்கள் அதைத் துடைக்கும் நேரத்தில் கூட உட்கார்ந்து துடையுங்கள். இருபது வயதுப் பையனுக்குத் தன் வேலையைப் பற்றி ஒருவன் அக்கறையாகக் கேட்பதைப் போல மகிழ்ச்சி தருவது வேறில்லை. சின்னத்தோடு பிளட்டூனின் நட்பும் சேர்ந்தே வரும். அதே சமயத்தில் ஓர் எச்சரிக்கை: பதவி உயர்வுத் தேர்வை நடத்துவது கடற்படை. மரைன்களோடு மூழ்கிக்கிடந்து, மருந்துக் கணக்கும் மருத்துவமனை நடைமுறையும் மறந்துபோனால், மருத்துவமனையில் வேலை பார்க்கும் சக கார்ப்ஸ்மேன் உங்களைத் தாண்டிப் போய்விடுவான். பச்சைப் பக்கத்தில் இருப்பவர்கள் வாரத்தில் ஓரிரு மாலைகளையாவது அந்தப் பாடத்துக்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

பதக்கங்களைப் பொறுத்தவரை, நம் ஊரில் சொல்வதுபோல அழுத பிள்ளைக்குத்தான் பால். இங்கே அழுவது எழுத்தில் இருக்க வேண்டும். வியட்நாமில் 1966 மார்ச் 28 அன்று பலமுறை சுடப்பட்ட நிலையிலும் காயம்பட்ட மரைன்களுக்குச் சிகிச்சை அளித்த கார்ப்ஸ்மேன் ராபர்ட் இங்ரமுக்கு, நாட்டின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் 1998இல்தான் கிடைத்தது. காகிதங்கள் எங்கோ தொலைந்திருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு கூடிய பழைய தோழர்கள், இவருக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக் கிளம்பியதால் வந்தது. எங்கள் பிரிவிலும் ஓர் அதிகாரி மாறுதலாகிப் போனபோது அவர் மேசையில் இருந்த பரிந்துரைகள் சில அவரோடு காணாமல் போயின. ஆகவே நீர் பட்டாலும் அழியாத சிறு குறிப்பேடு ஒன்றில் தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள் யார் என்பதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் மருத்துவ விவரத்தை அதில் எழுதக் கூடாது. பரிந்துரை எழுதும்போது வீரம், தியாகம் என்ற சொற்களைக் குவிக்காமல், எத்தனை அடி தூரம், எந்தத் திசையிலிருந்து துப்பாக்கிச் சூடு, எந்தக் காயத்துக்கு என்ன செய்தான் என்று எழுதினால்தான் மேலிடத்தில் தங்கும். தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது என்பதால், மற்றவர்களுக்கு எழுதும் பழக்கம் உள்ள பிளட்டூனில் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கிறது.

பழைய விருதுக் குறிப்புகளைப் படித்தால் இது நன்றாகத் தெரியும். 1945 மே மாதம் ஒகினாவாவில் ஒரு கையில் பிளாஸ்மா புட்டியை உயர்த்திப் பிடித்தபடி மறுகையால் சுட்ட ராபர்ட் புஷ்ஷுக்கு அப்போது 18 வயது. ஒரு கண்ணை இழந்தார். ட்வென்டிநைன் பாம்ஸ் தளத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஐவோ ஜிமாவில் ஜான் பிராட்லி, மணலில் நட்ட துப்பாக்கியில் பிளாஸ்மாவைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மரைனுக்குச் சிகிச்சை அளித்ததற்காக நேவி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றார். உலகம் அவரை அறிந்ததோ அந்தத் தீவில் கொடியேற்றும் புகழ்பெற்ற புகைப்படத்தில் இருப்பவராக; அந்தப் படத்தில் இருப்பவர் அவர் இல்லை என்று 2016இல் மரைன் படையே அறிவித்தது. படம் கையை விட்டுப் போனாலும் நேவி கிராஸ் போகவில்லை, ஏனென்றால் அன்று மணலில் நடந்ததை யாரோ விவரமாக எழுதி வைத்திருந்தார்கள். இந்த மாதிரிக் குறிப்புகளில் என்னைக் கவர்வது, துணிச்சலை விடவும் அந்த நேரத்திலும் தவறாத கைவேலை.

படையை விட்டு வெளியே வரும்போது இன்னொரு அங்கீகாரப் பிரச்சினை காத்திருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போர்க்களத்தில் மார்புக் கூட்டுக்குள் ஊசி செலுத்தி அடைபட்ட காற்றை வெளியேற்றியவன், வெளியே வந்தால் உரிமம் இல்லாத ஒரு சாதாரண ஆள். மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு டிரிப் ஏற்றக்கூட அவனை விடமாட்டார்கள். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் 1965இல் பிசிஷியன் அசிஸ்டன்ட், அதாவது மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர், ஆவதற்கான படிப்பைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பில் சேர்ந்த நால்வருமே முன்னாள் கடற்படைக் கார்ப்ஸ்மேன்கள். இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் அந்தத் தொழில் அவர்களிடமிருந்து தொடங்கியது. நானும் அந்தப் படிப்பைத்தான் முடித்து, இப்போது ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

விலகும் எண்ணம் இருப்பவர்கள், கடைசி ஆண்டிலேயே தேசிய அளவிலான அவசர மருத்துவப் பணியாளர் தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். படையில் படித்த ஒவ்வொரு பயிற்சியும் ராணுவக் கல்விச் சான்றுப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று, திருத்தக்கூடிய ஆள் பக்கத்தில் இருக்கும்போதே சரிபாருங்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணிபுரிந்தவர்களுக்கான கல்வி உதவி 36 மாதம் வரை கிடைக்கும். அதை அவசரத்தில் சின்னப் படிப்புகளில் கரைக்காமல், உரிமம் தரும் படிப்புக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உங்கள் மருத்துவக் கோப்பின் முழுப் பிரதியை, காது கேட்கும் திறன் சோதனை, முதுகுவலிக்குப் போன நாட்கள் உட்பட, கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நாற்பது பேரின் கோப்பை ஒழுங்காக எழுதிய கார்ப்ஸ்மேன்களில் பலர், தங்கள் வலியைத் தாங்களே மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொள்வதால், அவர்கள் கோப்பில் ஒரு வரியும் இருக்காது. படைவீரர் நலத்துறையில் விண்ணப்பம் போடும் நாளில் அந்தக் காலிப் பக்கங்களை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. தூக்கமின்மைக்கும் கெட்ட கனவுகளுக்கும் இதே விதிதான்: பணியில் இருக்கும்போதே இன்னொரு மருத்துவரிடம் போய்ச் சொல்லி, தேதியோடு பதிவாக வேண்டும்.